முதல் வேலைக்கே ரெண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், சிஸ்டர்!

அரசு மருத்துவமனைகளில் 35 ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து 14 மாதம் ஆகிறது. சின்னசேலம் பக்கம் ஒரு கிராமம். அப்பா டெய்லர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். இதுவரை 11 இன்டர்வியூ போய்விட்டேன். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "ஃப்ரெஷர் எடுப்பதில்லை, ரெண்டு வருஷம் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லோருமே அப்படிச் சொன்னால் நான் எங்கேதான் போய்ப் பார்ப்பது? விழுப்புரத்தில் ஒரு இடத்தில், வார்டில் இருந்த ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசிக்குழாய், கேனுலா, போடச் சொன்னார்கள். கை நடுங்கியது. ரெண்டு தடவை குத்தி, கை வீங்கிவிட்டது. அந்தப் பாட்டி, "பரவாயில்ல கண்ணு" என்றார். நான் பாத்ரூமில் போய் அழுதேன். சென்னையில் ஒரே ஒரு இடத்தில் சேரச் சொன்னார்கள். சம்பளம் 9,000 ரூபாய், ஹாஸ்டலுக்கு 2,500 பிடிப்பார்களாம். மூணு வருஷ பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம். காலேஜில் 38,000 ரூபாய் ஃபீஸ் பாக்கி இருப்பதால் சர்டிபிகேட்டே இன்னும் என் கைக்கு வரவில்லை, கவுன்சில் பதிவும் செய்யவில்லை. துணிக்கடை வேலைக்கு வந்துவிடு என்று அத்தை கூப்பிடுகிறார். படித்ததே வீணா?
(பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: மகளே, உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். 11 இன்டர்வியூவைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கவுன்சில் பதிவு ஆகவில்லை என்பதைக் கடைசியில் அரை வரியில் சொல்லியிருக்கிறாய். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

நம் மாநிலத்தில் நர்ஸாக வேலை பார்க்க தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். அதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அந்தப் பதிவு நம்பர், அதாவது ஆர்.என்.ஆர்.எம். நம்பர், இல்லாவிட்டால் முறையாக நடக்கிற ஆஸ்பத்திரி உன்னைச் சேர்க்காது. முறையில்லாத இடமோ சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும். ட்ரெய்னி என்று எழுதிக்கொண்டு ஸ்டாஃப் நர்ஸ் வேலை முழுவதையும் வாங்கிக்கொள்வார்கள். பிற்பாடு நீ எங்கே விண்ணப்பித்தாலும் பதிவு செய்த தேதியிலிருந்துதான் அனுபவத்தை எண்ணுவார்கள். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் காற்றோடு போய்விடும்.

அதனால் இந்த மாதம் இன்டர்வியூ எதற்கும் போகாதே. காலேஜுக்குப் போ.

ஃபீஸ் பாக்கி கடன்தான், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காக சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. சர்டிபிகேட் அடகு வைக்கிற பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சண்டை போட வேண்டாம், முதலில் ஒரு கடிதம் எழுது. "மாதம் இவ்வளவு என்று கட்டி முடிக்கிறேன், பதிவு செய்வதற்காக என் சான்றிதழ்களைத் தாருங்கள்" என்று முதல்வர் பெயருக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பு. ஒரு நகலை கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் போடு. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போ. பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம், வருமான வரம்பும் கிடையாது. அங்கிருந்து ஒரு நோட்டீஸ் போனாலே பல காலேஜ்கள் இறங்கி வந்துவிடும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. இந்த மாதிரி இடங்களுக்குத் தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டி. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. பதிவு ஆகாத பிள்ளையை, இன்டர்வியூவுக்கு வந்த இடத்தில், படுத்திருக்கிற நோயாளியிடம் ஊசியைக் கொடுத்து அனுப்பியதுதான் தப்பு. இனி யாராவது அப்படிச் சொன்னால், "டம்மி கையில் போட்டுக் காட்டுகிறேன் மேடம்" என்று சொல். அதற்காக உன்னை ஒதுக்குகிற இடம் உனக்கு வேண்டாம்.

ஆனாலும் கை நடுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 14 மாதமாக உன் கை எதையும் தொடவில்லை. எனக்கும் இது நடந்தது. 1985-ல் படிப்பு முடித்து பத்து மாதம் வீட்டில் இருந்தேன். முதலில் சேர்ந்தது கும்பகோணம் பக்கம் 16 படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் போட்ட காலம் அது. முதல் நாள் ஒரு விவசாயிக்கு டிரிப்ஸ் போடப் போய் மூணு தடவை தவறவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்த விவசாயியின் முழங்கை மடிப்பில் வைத்து, "கண்ணை மூடு. நரம்பைக் கண்ணால தேடாத, விரலால தேடு" என்றார். மூடிக்கொண்டு தடவினேன். தசைநார் கயிறு மாதிரி கெட்டியாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒன்று மெத்தென்று அமுங்கி, விரலை எடுத்ததும் மேலே துள்ளியது. "அதுதான்" என்றார். அன்றைக்கு அது என் விரலில் ஏறியது, ஓய்வுபெறும் நாள் வரைக்கும் இறங்கவில்லை.

உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டில் அம்மா, அப்பா, தம்பி என்று யார் உட்கார்ந்திருந்தாலும் கையைக் கொடுக்கச் சொல். ஊசி வேண்டாம், தடவிப் பார்த்தால் போதும். மேல்கையில் இறுக்கிக் கட்டுப் போட்டுத் தடவு, கட்டு இல்லாமலும் தடவு. வயதானவர்களுக்கு நரம்பு உருளும். கீழே இரண்டு விரல் தள்ளித் தோலை இழுத்துப் பிடித்தால் நிற்கும். அந்தப் பாட்டிக்கு நீ எந்த கேனுலா எடுத்தாய்? தடிமனான பச்சையோ பிங்க்கோ எடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன், காலேஜ் ஆஸ்பத்திரியில் கைக்குப் பழகியது அதுதான். மெலிந்த கைக்கு நீலம், 22 நம்பர், போதும். ரத்தம் உள்ளே தெரிந்தவுடன் அவசரப்பட்டு ஊசியை உருவாதே. ஊசியும் டியூபுமாக இன்னும் கொஞ்சம், ஒரு நெல் அளவு, உள்ளே போகட்டும். அப்புறம் டியூபை மட்டும் தள்ளு. கை வீங்கியது அந்த இடத்தில் தவறியதால்தான் இருக்கும். சர்டிபிகேட் விஷயமாகக் காலேஜுக்குப் போகிற அன்றைக்கே லேப் மேடத்திடம் கேட்டு, டம்மி கையில் ரெண்டு மணி நேரம் போட்டுப் பழகிவிட்டு வா. முதல்வரிடம் மனஸ்தாபம் இருந்தாலும் லேப் மேடம் மறுக்க மாட்டார். டீச்சர் மனசு எனக்குத் தெரியும்.

இன்டர்வியூவில் கணக்கும் கேட்பார்கள். 500 மில்லி சலைன், நாலு மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை? 500-ஐ 20-ஆல் பெருக்கி, நாலு மணி நேரத்தின் 240 நிமிஷத்தால் வகுத்தால் சுமார் 42 வரும். இப்படித் தினமும் பத்துக் கணக்கு பேப்பரில் போடு.

சரி, எங்கே தேடுவது? நீ போனதெல்லாம் சேலம், விழுப்புரம், சென்னை. கள்ளக்குறிச்சியிலும் ஆத்தூரிலும் ஒரு ஆஸ்பத்திரிக்காவது போனாயா? நீ போனதாக எழுதிய இடங்களில் அந்த ஊர்ப் பெயரே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தினமும் கட்டுக்கட்டாக பயோடேட்டா வருகிறது, அவர்கள் அனுபவம் கேட்டுக் கழிக்கிறார்கள். 40, 60 படுக்கை உள்ள ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆள் நிற்பதில்லை. கல்யாணமாகிப் போகிறார்கள், வெளிநாடு போகிறார்கள், அரசுத் தேர்வு ரிசல்ட் வந்தால் ஒரே மாதத்தில் நாலு பேர் கிளம்புகிறார்கள். ரிசல்ட் வருகிற மாதங்களில் போய் நில். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. மதியம் டியூட்டி மாற்றி ஹேண்டோவர் முடிந்து ஓய்கிற நேரம், மூணு மணிக்கு மேல், நேரில் போ. ரிசப்ஷனில் எச்.ஆரைக் கேட்காதே, "நர்சிங் சூப்பிரண்டு மேடத்தைப் பார்க்கணும்" என்று கேள். ஆள் பற்றாக்குறையில் நைட் டியூட்டி லிஸ்ட் போட முடியாமல் தவிப்பவர் அவர்தான்.

அவர் உன்னைக் கேள்வி கேட்டு முடித்ததும் நீயும் மரியாதையாகக் கேள். நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? முதல் மாதம் என்னோடு யார் நிற்பார்கள்? ஒரிஜினலை வாங்கி வைப்பீர்களா? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அந்த அளவுக்கு எங்கேயும் இருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் புதுப் பிள்ளையைத் தனியாக இருபது பேரிடம் விடுகிற இடத்தில் சேராதே. அங்கே ஏதாவது தவறு நடந்தால் உன் தலையில்தான் விழும்.

சம்பளத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். அந்தக் காகிதம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு உன்னிடம் ஒருவர் 9,000 என்று சொல்லி, அதில் 2,500-ஐயும் பிடிக்கிறேன் என்கிறார். இது அநியாயம். உன் தகுதிக்கு விலை 9,000 என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. ஆனால் ஆத்தூரில் ஒரு இடத்தில் 11,000, 12,000 கொடுத்து, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வர முடிந்து, சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த சிஸ்டரும் இருந்தால், ஒரு வருஷத்துக்குச் சேர்ந்துகொள் என்றுதான் நான் சொல்வேன். சேருகிற அன்றே காலண்டரில் அடுத்த வருஷத் தேதியைக் குறித்து வை. கிளம்பும்போது அனுபவச் சான்றிதழில் எத்தனை படுக்கை, எந்த வார்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். பின்னால் கேட்கிற ஒவ்வொருவரும் படுக்கை எண்ணிக்கையைக் கேட்பார்கள்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. மூணு வருஷ பாண்டும் ஒரிஜினலும் சேர்ந்து வந்தால் அது வலை. அந்த 16 படுக்கை ஆஸ்பத்திரியில் என் சர்டிபிகேட்டும் முதலாளி பீரோவில்தான் இருந்தது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கேட்டபோது, இன்றைக்கு நாளைக்கு என்று 11 மாதம் இழுத்தார்கள். ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதியே போய்விட்டது. எனக்கு நரம்பு பார்க்கக் கற்றுக்கொடுத்த அதே சிஸ்டர்தான் கடைசியில் முதலாளி அம்மாவிடம் நின்று பேசி வாங்கிக் கொடுத்தார். நீயே கையெழுத்திட்டு அத்தாட்சி செய்த நகலைக் கொடு. ஒரிஜினலைக் காட்டு, சரிபார்த்ததும் பையில் வைத்துக்கொள்.

அரசு வேலைக்கு மூணு வழி இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் எம்.ஆர்.பி. என்கிறோமே, அது ஒன்று. ஆனால் அதையே நம்பி வீட்டில் உட்காராதே. 2015-ல் அதில் தேர்வான பிள்ளைகள் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரம் செய்யச் சொல்லி 2017-ல் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. என் வார்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அறிவிப்பு வந்தால் எழுது, தமிழ்த் தாள் கட்டாயம் என்பதால் அதையும் படி.

ரெண்டாவது, மாவட்ட நலவாழ்வுச் சங்கம். துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று ஸ்டாஃப் நர்ஸ்களை 11 மாத ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். 18,000 ரூபாய் என்று பல மாவட்ட அறிவிப்புகளில் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாள் குறைவு. அதனால் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், கடலூர் நாலு மாவட்டத்தின் தளத்தையும் திங்கட்கிழமைதோறும் பார். முன்பணம் கொடுத்தால் இதில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். உள்ளே விடாதே.

மூணாவதுதான் உனக்கு நான் ரொம்ப ஆசைப்படுவது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நடக்கும் நார்செட் தேர்வு. பி.எஸ்சி. முடித்தவருக்கு அனுபவம் தேவையில்லை, பதிவு மட்டும் வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்குத்தான் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷம் கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளமே 44,900. பொது வயது வரம்பு 30. கஷ்டமான தேர்வுதான், ஆனால் கேட்பதெல்லாம் நீ நாலு வருஷம் படித்ததுதான். வேலைக்குப் போய்க்கொண்டே படி. பகலில் வார்டில் பார்த்த கேஸை ராத்திரி புத்தகத்தில் எடுத்துப் படித்தால் மறக்காது.

அத்தை நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். காலேஜ் பாக்கியைக் கட்டுவதற்காக ரெண்டு மூணு மாதம் துணிக்கடைக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதிவு நம்பர் வந்த அன்றைக்கே நின்றுவிட வேண்டும், அதை இப்போதே அத்தையிடம் சொல்லிவிட்டுச் சேர். நம்பர் வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடு, தங்கம்.

கேள்வி: நான் ஆண் செவிலியர். "லேடீஸ்தான் வேணும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. வேறு லைனுக்குப் போய்விடலாமா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: தம்பி, வார்டுக்குக் கேட்டுப் போகாதீர்கள். அவசர சிகிச்சை, ஐ.சி.யு., டயாலிசிஸ், எலும்பு முறிவு, மனநலம் என்று பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். நூறு கிலோ மனிதரைத் திருப்பிப் படுக்க வைக்கிற இடங்களில் உங்களைத் தேடுவார்கள். என் ஐ.சி.யு.வில் இருந்த ரெண்டு தம்பிகளை வேறு பிரிவுக்கு மாற்ற நான் விட்டதே இல்லை. 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் முடித்தவர்களை எடுக்கிறார்கள், அவ்வப்போது மாவட்டங்களில் நேர்முகத் தேர்வு நடக்கும். 12 மணி நேர ஷிப்ட், உடம்பு அலுக்கும், ஆனால் ஒரு வருஷத்தில் எமர்ஜென்சி கைக்கு வந்துவிடும். நார்செட்டில் ஆண்களுக்கு 20 சதவீதம்தான் ஒதுக்குகிறார்கள். அந்த இருபதுக்குள் வர மற்றவரைவிட அதிகம் படிக்க வேண்டும். அது நியாயமா என்று கேட்டால், எனக்கு ஒப்புதல் இல்லை. லைன் மாறாதீர்கள்.

கேள்வி: என் மகள் நர்சிங் முடித்து ஒரு வருஷம் ஆகிறது, வேலை இல்லை. வளைகுடாவுக்கு அனுப்புகிறேன், மூன்றரை லட்சம் கொடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா?
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். வளைகுடா நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஏமாந்து போவதைப் பார்த்துத்தான், 2015-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, அரசு நிறுவனங்கள் வழியாகப் போகும்படி செய்தது. நம் மாநிலத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-லிருந்து நடக்கிறது, அலுவலகம் கிண்டியில். ஜெர்மனிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மொழிப் பயிற்சிக்கும் அங்கே ஏற்பாடு செய்கிறார்கள். பதிவு பெற்ற தனியார் ஏஜெண்டாகவே இருந்தாலும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த மனிதரிடம் உரிம நம்பரைக் கேளுங்கள். கொடுத்தால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். கொடுக்க மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேட்பவை. ஒரு நாள்கூட வேலை பார்க்காத பெண்ணை எடுக்கிறேன் என்று அவர் சொன்னால், அனுபவச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? பொய்யாக ஒன்று தயாரிப்பார். அங்கே சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எத்தனை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன! மேலே கள்ளக்குறிச்சிப் பிள்ளைக்கு எழுதியதை உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள். இந்த வாரமே மூணு மணிக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், நீங்களும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.